புதுநகரத்துக்குக் குடிபோகலாமா? முதலில் அந்த ஊரின் வயதைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: பெருநகரத்திலிருந்து ஒரு மணிநேரத் தொலைவில் திட்டமிட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு புதுநகரத்தில் வீடு கிடைக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், 13 வயதில் மகள், 6 வயதில் மகன், கூடவே 70 வயது அம்மா. விளம்பரத்தில் ஏரி, பூங்கா, மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் இருக்கிறது. நம்பிப் போகலாமா, போனால் அங்கே உண்மையில் என்ன கிடைக்கும்?

போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. புதுநகரத்தைக் கட்டி முடித்துச் சாவி கொடுக்கிற பொருளாக நினைக்காதீர்கள். அதற்கு வயது உண்டு. ரெண்டு வயது ஊர், பத்து வயது ஊர், முப்பது வயது ஊர் மூன்றும் வரைபடத்தில் ஒரே மாதிரி இருக்கும், குடியிருக்கிறவர்களுக்குத்தான் மூன்றும் வேறு வேறு ஊர். அதனால் இந்த ஊருக்கு இப்போது என்ன வயது, நம் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன வயது என்று ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் நகரமைப்பு வேலையில் நெடுநாள் இருந்தவன். ஒரு புதுநகரத்தின் இரண்டாவது வருஷத்திலேயே அம்மா, மனைவி, சின்னப் பையனோடு குடிபோய் இன்றைக்கும் அங்கேயே இருப்பவனும்கூட. ரெண்டு அனுபவத்தையும் கலந்தே சொல்கிறேன்.

இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் அறிவித்தார்கள், இரண்டரை லட்சம் பேருக்கான ஊர் என்று திட்டம். புதுநகரங்களில் நன்றாக நடந்த ஒன்று என்று இன்று பலரும் சொல்கிற ஊர் அது. அந்த ஊரின் நடுவில் பெரிய கடைவளாகம் திறந்தது 1979-ல். நடு ஊருக்கான ரயில் நிலையம் 1982-ல். மருத்துவமனை 1984-ல். அதாவது அறிவித்த வருஷம் பிறந்த குழந்தைக்குப் பதினேழு வயது ஆனபோதுதான் ஊருக்குப் பெரிய மருத்துவமனை வந்தது. இடையில் மக்கள் நடத்திய பிரசாரத்தின் கோஷத்தில் 'ஏங்குகிறது', 'சாகிறது' என்ற ரெண்டு பொருளும் வருகிற ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டு, மில்டன் கீன்ஸ் மருத்துவமனைக்காகச் சாகிறது என்று எழுதினார்கள். நன்றாக நடந்த ஊரின் கதையே இது. அங்கே 1972-ல் குடிபோனவருக்கும் 1990-ல் குடிபோனவருக்கும் கிடைத்த வாழ்க்கை ஒன்றா, நீங்களே சொல்லுங்கள்.

ஏரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு வடிவமைப்புப் போட்டி நடத்தி, 1912-ல் வால்டர் பர்லி கிரிஃபின் வென்றார். அவர் வரைபடத்தில் ஊர் நடுவே ஏரி இருந்தது. அந்த ஏரியில் தண்ணீர் நிரம்பியது 1964-ல். கிரிஃபின் 1937-லேயே லக்னோவில் இறந்துவிட்டார், தான் வரைந்த ஏரியை அவர் பார்க்கவே இல்லை. நவி மும்பையை உருவாக்க சிட்கோ என்ற நிறுவனம் 1970-ல் ஆரம்பிக்கப்பட்டது, புறநகர் ரயில் கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு வந்தது 1992-ல். சிங்கப்பூர் அளவுக்குத் திட்டத்தைச் சொன்னபடி நடத்துகிற இடம் குறைவு, அங்கேயே வடகிழக்கு ரயில் பாதை 2003-ல் திறந்தபோது புவாங்கோக் நிலையத்தைக் கட்டி முடித்தும் பூட்டியே வைத்தார்கள், சுற்றுவட்டாரத்தில் போதுமான வீடுகள் இன்னும் வரவில்லை என்று காரணம் சொன்னார்கள். ரயில் வரும், நிற்காமல் போகும். 2005-ல் யாரோ அந்த நிலையத்துக்கு வெளியே அட்டையில் வெட்டிய வெள்ளை யானைகளை, செலவு மட்டும் வைத்து உபயோகமில்லாத பொருள் என்று கேலியாக, வரிசையாக நட்டு வைத்தார்கள், 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது.

இதில் யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல வரவில்லை. காரணம் ரொம்ப எளிது. பேருந்து ஓட ஆட்கள் வேண்டும், ஆட்கள் வர பேருந்து வேண்டும். டாக்டர், மருந்துக்கடை, வங்கி, நல்ல பள்ளி எல்லாருக்கும் இதே கணக்குதான், ஆயிரம் குடும்பம் இருக்கிற இடத்தில் கடை போட யோசிக்கிறவர் ஐயாயிரம் குடும்பம் ஆனதும் தானாகவே வருவார். இந்த முடிச்சை யாராவது ஒருவர் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு முதலில் அவிழ்க்க வேண்டும், அது பெரும்பாலும் அரசாகத்தான் இருக்க முடியும். ஸ்டாக்ஹோம் பக்கத்தில் வெலிங்பி என்ற ஊரில் அப்படிச் செய்தார்கள். சுரங்க ரயில் அங்கே 1952-லேயே போய்விட்டது, ஊரின் மையம் 1954-ல்தான் திறந்தது. முதலில் குடிவந்தவர்களுக்கே வீட்டு வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் ரயில் இருந்தது. இப்படி வண்டி முதலில் வந்த ஊர்கள் உலகத்தில் குறைவு, உங்கள் ஊர் அந்த வகை என்றால் பாதிக் கவலை போச்சு.

அதனால் விளம்பரத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களா? பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? ஒப்பந்தம் கொடுத்து வேலை தொடங்கியிருக்கிறதா? இடம் மட்டும் ஒதுக்கியிருந்தால் அது உங்கள் பேரன் காலத்துக்கு. பணமும் ஒதுக்கியாகிவிட்டது என்றால் ஐந்து பத்து வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கிறது, தூண் எழும்பியிருக்கிறது என்றால் நம்பலாம். விற்பனைக்காரர் காட்டுகிற மினியேச்சர் மாடலில் இந்த மூன்றும் ஒரே பளபளப்பில்தான் இருக்கும், வித்தியாசம் தெரியாது. ஒப்புதல் வாங்கிய மாஸ்டர் பிளானும் வருடாந்திர பட்ஜெட்டும் பெரும்பாலும் பொது ஆவணங்கள்தான், வளர்ச்சிக் குழுமத்தின் அலுவலகத்திலேயே கேட்டுப் பார்க்கலாம்.

சரி, நல்லதைச் சொல்கிறேன், அது நிறையவே இருக்கிறது. புதுநகரம் கொடுக்கிற மிகப் பெரிய வசதி கண்ணுக்குத் தெரியாது, மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பழைய ஊர்களில் வீடு முதலில் வரும், அப்புறம் சாலை, அப்புறம் சாலையைத் தோண்டிக் குடிநீர்க் குழாய், அப்புறம் மறுபடி தோண்டிக் கழிவுநீர்க் குழாய், அதற்கப்புறம் கேபிள். திட்டமிட்ட ஊரில் குழாயும் வடிகாலும் முதலில், வீடு கடைசியில். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருப்பார், தெருவின் சரிவு அதற்கேற்றபடி இருக்கும். நான் குடிபோன வருஷம் ஒரு பெருமழை வந்தது. விடிகாலையில் எழுந்து வாசலில் நின்று பார்த்தேன், தெருவோரக் கல்லை ஒட்டித் தண்ணீர் ஒரே திசையில் ஓடி, மூலையில் இருந்த வலைமூடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான், வேறு எதுவும் நடக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய்ப் பழகிய எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு எச்சரிக்கை. குழாய் பதித்திருப்பது வேறு, அதில் தண்ணீர் வருவது வேறு. எந்த ஏரி, எந்த ஆறு, எந்த நிலையத்திலிருந்து தண்ணீர் வருகிறது, எத்தனை பேருக்குப் போதும் என்று கேளுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, இல்லை கழிவை லாரியில் அள்ளிக்கொண்டு போகிறார்களா என்பதையும் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஊர் வாசலில் அரை மணிநேரம் நின்றாலே போதும், உள்ளே எத்தனை தண்ணீர் லாரி போகிறது, எத்தனை கழிவு லாரி வெளியே வருகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நடை. இதில்தான் திட்டமிட்ட ஊர்கள் உண்மையிலேயே குழந்தைகளை நினைத்து வரையப்பட்டவை. 1929-ல் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு தொடக்கப் பள்ளியை நிரப்புகிற அளவுக்குக் குடும்பங்கள் இருப்பது ஒரு குடியிருப்பு அலகு, பள்ளி நடுவில், எந்த வீட்டிலிருந்தும் சுமார் 400 மீட்டர் நடை, பெரிய சாலைகள் எல்லாம் ஓரத்தில், குழந்தை பெரிய சாலையைக் கடக்கவே வேண்டாம். அதே வருஷம் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற ஊரைக் கட்டினார்கள், வண்டி போகிற வழி வீட்டுக்கு ஒரு பக்கம், ஆள் நடக்கிற வழி இன்னொரு பக்கம், ரெண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு சுரங்கப்பாதை. இன்றைக்கு உலகத்தில் 'செக்டார்', 'பிளாக்' என்று நீங்கள் கேள்விப்படுகிற பல ஊர்கள் இந்த எண்ணத்தின் பிள்ளைகள்தான். சண்டிகரில் ஒரு செக்டார் 800 மீட்டருக்கு 1,200 மீட்டர், வேக வண்டிகள் சுற்றிப் போகும், கடைத்தெருவும் பள்ளியும் நீளமான பச்சை வெளியும் உள்ளே இருக்கும்.

என் பையன் ஏழு வயதில் தனியாகப் பள்ளிக்கு நடந்து போனான். முதல் நாள் அவனுக்குத் தெரியாமல் பின்னால் போனேன். பூங்காவின் ஓரமாகப் போய், சுரங்கப்பாதையில் இறங்கி, உள்ளே எதிரொலி வருகிறதா என்று ஒரு முறை கத்திப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் ஏறிப் பள்ளி வாசலுக்குப் போய்விட்டான். ஒரு வண்டியைக்கூட அவன் கடக்கவில்லை. உங்கள் ஆறு வயது மகனுக்கு இதுதான் அந்த ஊர் கொடுக்கப்போகிற பெரிய பரிசு. ஆனால் அந்தச் சுரங்கப்பாதையில் விளக்கு எரிய வேண்டும், ஆள் நடமாட்டம் வேண்டும். விளக்கு அணைந்த சுரங்கப்பாதை வழியே ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் மகளை நீங்கள் அனுப்ப மாட்டீர்கள், அதனால் வீடு பார்க்கப் போகும்போது பகலில் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை அதே வழியில் நடந்து பாருங்கள்.

சைக்கிள் பாதை இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள், அது சரியான கேள்வி கிடையாது. இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் எரிக் கிளாக்ஸ்டன் என்ற பொறியாளர் ஊர் முழுக்க அருமையான சைக்கிள் பாதைகள் போட்டார், சாலையைத் தொடாமலே ஊரைச் சுற்றலாம். அதே ஊரில் காருக்கும் அகலமான சாலை, தடையில்லாத ரவுண்டானா. மக்கள் காரில்தான் போனார்கள். நெதர்லாந்தின் ஹௌட்டனில் வேறு மாதிரி செய்தார்கள். காரில் ஒரு பேட்டையிலிருந்து பக்கத்துப் பேட்டைக்குப் போக ஊருக்கு வெளியே இருக்கிற வட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும், சைக்கிளிலோ நடந்தோ போனால் நேர்வழி. அங்கே பாட்டிகள் முதல் பிள்ளைகள் வரை சைக்கிளில் போகிறார்கள், ஏனென்றால் அதுதான் சீக்கிரம். ஆகவே உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு, கடைக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிற வழி நேராக இருக்கிறதா, வண்டி வழியைவிடச் சுற்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சுற்றாக இருந்தால் எத்தனை அழகான பாதை போட்டாலும் யாரும் நடக்க மாட்டார்கள், நீங்களும் கொஞ்ச நாளில் வண்டிச் சாவியை எடுத்துவிடுவீர்கள்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். புதுநகரம் என்ற எண்ணத்தையே பரப்பிய எபனேசர் ஹோவர்டு கட்டடக் கலைஞர் கிடையாது, நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். அவர் ஆசைப்பட்டது சுமார் 32,000 பேர் வாழ்கிற, வேலையும் அங்கேயே பார்க்கிற, சுற்றிலும் வயல் இருக்கிற ஊர். 1903-ல் லெட்ச்வொர்த் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் வேலையும் வீடும் ஒரே ஊரில் அமைவது காகிதத்தில் எளிது. நான் மேலே பாராட்டிய வெலிங்பியிலேயே அலுவலகங்கள் கட்டியும்கூட, அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே போய்த்தான் வேலை பார்த்தார்கள், அங்கே இருந்த வேலைக்கு வெளியிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒருவருக்குப் பக்கத்தில் வேலை மாறினாலும் மற்றவர் போக வர வேண்டியிருக்கும். 'ஒரு மணிநேரம்' என்று விற்பனைக்காரர் சொன்னது ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கணக்காக இருக்கும். ஒரு சாதாரண வேலை நாளில், வீட்டு வாசலிலிருந்து உங்கள் அலுவலக நாற்காலி வரை, நீங்கள் உண்மையில் போகப்போகிற வண்டியிலேயே ஒரு தடவை போய்த் திரும்பி வந்து பாருங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும். என் மனைவி முதல் மூன்று வருஷம் கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்காகவே ஒவ்வொரு நாளும் கூட்டத்தின் நடுவில் எழுந்து வந்தாள். அதனால் அவளுக்கு வரவேண்டிய ஒரு பொறுப்பு வேறு ஒருவருக்குப் போயிற்று. அந்த ஊர் எங்களிடம் வாங்கிய உண்மையான விலை அது, எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை.

பராமரிப்பு. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பத்து வருஷம் கழித்து ஊர் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். ஆரம்பத்தில் வளர்ச்சிக் குழுமம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், பூ பூக்கும், விளக்கு எரியும். மனை எல்லாம் விற்று முடிந்ததும் அவர்கள் ஊரை உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள், அகலமான சாலையும் பெரிய பூங்காவும் செலவாக வந்து அந்த உள்ளாட்சியின் தலையில் விழும். இதற்கு முன்கூட்டியே வழி செய்த ஊர்கள் உண்டு. ஹோவர்டின் எண்ணமே, நிலம் பொதுவில் இருக்க வேண்டும், ஊர் வளர வளர ஏறுகிற வாடகை ஊருக்கே திரும்ப வேண்டும் என்பதுதான், லெட்ச்வொர்த்தில் இன்றைக்கும் ஒரு அறக்கட்டளை ஊர்ச் சொத்துகளின் வாடகையை ஊருக்கே செலவழிக்கிறது. மில்டன் கீன்ஸில் 1992-ல் பூங்காக்களை ஒரு தனி அறக்கட்டளையிடம் கொடுத்தபோது, கூடவே வாடகை வருகிற வணிகக் கட்டடங்களையும் கொடுத்தார்கள், புல் வெட்ட யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. அமெரிக்காவின் கொலம்பியா என்ற புதுநகரத்தில் வீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் ஒரு கட்டணம் கட்டுகிறார்கள், அதில்தான் பாதைகளும் நீச்சல் குளங்களும் நடக்கின்றன. உங்கள் ஊரில் எது ஏற்பாடு? ஒப்படைப்பு எந்த வருஷம்? பராமரிப்புக் கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள், ஏற்றுவதற்கு உச்சவரம்பு உண்டா, குடியிருப்பவர்களுக்கு அதில் ஓட்டு உண்டா? இதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது அம்மாவிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் அவரைப் பற்றி இருந்தது, ஆனால் உங்கள் வீட்டில் இந்த மாற்றத்தில் அதிகம் இழக்கப்போகிறவர் அவர்தான். 1950-களில் இங்கிலாந்தில் 'புதுநகர மனச்சோர்வு' என்றே ஒரு பேச்சு இருந்தது. லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து வெளியே புதுக் குடியிருப்புக்குப் போன குடும்பங்களை மைக்கேல் யங், பீட்டர் வில்மட் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் அந்தக் காலத்தில் கவனித்தார்கள். வீடு நல்ல வீடு, தோட்டம், குளியலறை எல்லாம் இருந்தது, அம்மாவும் அக்காவும் பக்கத்துத் தெருவில் இல்லை. உறவுகளைப் பார்ப்பது வெகுவாகக் குறைந்துபோனது.

என் அம்மா முதல் நான்கு மாதம் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தார். பழைய ஊரில் வாசலுக்கு வந்தால் போகிற வருகிறவர்களில் நாலு பேராவது நின்று பேசிவிட்டுப் போவார்கள். இங்கே சுத்தமான தெரு, நேரான தெரு, ஆள் இல்லாத தெரு. அவர் குறை சொல்லவே இல்லை, சாப்பாடு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் ஒரு நாள் எனக்கு உடம்பு சரியில்லாமல், பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அவரை அனுப்பினேன். பள்ளி வாசலில் நிழலுக்கு ஒரு நீளமான சிமெண்ட் பெஞ்சு போட்டிருந்தார்கள், மணி அடிப்பதற்கு முன்னால் அதில் தாத்தா பாட்டிகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மறுநாளும் நானே போகிறேன் என்றார். அடுத்த வாரம் மணி அடிக்க முக்கால் மணிநேரம் இருக்கும்போதே கிளம்ப ஆரம்பித்தார். பையன் தனியாகப் போய்வரத் தொடங்கின பிறகும் அவர் அந்த பெஞ்சுக்குப் போவது நிற்கவில்லை. அந்த ஊரில் எத்தனையோ கோப்புகளில் வேலை செய்திருக்கிறேன், அந்த பெஞ்சை யார் அங்கே போடச் சொன்னார்கள் என்று தெரிந்தால் போய்க் கையைப் பிடித்து நன்றி சொல்லுவேன்.

ஆட்கள் தற்செயலாகச் சந்திக்கிற இடம் எங்கே என்று பாருங்கள், அதுதான் உங்கள் அம்மாவுக்கான கேள்வி. 1967-ல் கொலம்பியாவைத் தொடங்கிய ஜேம்ஸ் ரவுஸ், தபால்பெட்டிகளை வீட்டுக்கு வீடு வைக்காமல் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் வைக்கச் சொன்னார், கடிதம் எடுக்க வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்கட்டும் என்று. இந்த மாதிரி சின்ன ஏற்பாடுகள் உங்கள் ஊரில் இருக்கிறதா? ஒரு வாசகசாலை, வழிபாட்டுக்கு ஓர் இடம், நடக்கிற தூரத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு கடை? லிஃப்ட் பழுதானால் எத்தனை நாளில் சரி செய்கிறார்கள் என்று மேல்மாடியில் குடியிருப்பவரைக் கேளுங்கள், அலுவலகத்தைக் கேட்காதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், புதுநகரத்தில் எல்லாரும் ஒரே வயதில் வருகிறார்கள். இளம் தம்பதி, கையில் ஒன்று இடுப்பில் ஒன்று. உங்கள் மகனுக்கு அது கொண்டாட்டம், விளையாட ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் எல்லாரும் ஒன்றாக வந்தால் எல்லாரும் ஒன்றாகத்தான் முதுமை அடைவார்கள். ஜப்பானில் ஒசாகா அருகே செந்ரி 1962-ல், டோக்கியோ அருகே தமா 1971-ல் குடியேறத் தொடங்கிய ஊர்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் வழிந்த பள்ளிகள் சில பின்னாளில் ஆளில்லாமல் மூடப்பட்டன, லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்களின் மேல்தளத்தில் இருந்தவர்கள் வயதானபின் படியேற முடியாமல் தவித்தார்கள். நீங்கள் அங்கேயே இருந்துவிடுகிற எண்ணத்தில் இருந்தால் இருபத்தைந்து வருஷம் கழித்து உங்கள் முழங்காலுக்கும் சேர்த்துத்தான் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய வீடு, சின்ன வீடு, வாடகை வீடு எல்லாம் கலந்து கட்டியிருக்கிற பேட்டை நல்லது, பல வயதுக்காரர்களும் வருவார்கள்.

ஊர் காலி நிலத்தில் எழும்புவதாக விளம்பரம் சொல்லும். காலி நிலம் என்று எதுவும் கிடையாது, அங்கே யாரோ உழுதிருப்பார்கள், யாரோ மாடு மேய்த்திருப்பார்கள். 1946-ல் ஸ்டீவனேஜை முதல் புதுநகரமாக அறிவிக்கப் போன அமைச்சர் லூயிஸ் சில்கினுக்கு அங்கிருந்தவர்கள் காட்டிய கோபம் கொஞ்சமல்ல, ரயில் நிலையப் பெயர்ப்பலகையையே, ஸ்டாலின்கிராடு மாதிரி, 'சில்கின்கிராடு' என்று கேலியாக மாற்றிவிட்டார்கள். நவி மும்பையில் நிலம் கொடுத்தவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை மேம்படுத்திய மனையாகத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. பிரேசில் நாட்டின் தலைநகரான பிரேசிலியாவைக் கட்டிய தொழிலாளர்களுக்கு அந்த அழகான ஊருக்குள் இடமில்லை, 1960-ல் தலைநகர் திறப்பதற்கு முன்பே, 1958-ல், அவர்களுக்காக வெளியே டாகுவாடிங்கா என்ற துணைநகரம் உருவாகிவிட்டது. இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், இழப்பீடு தீராத நிலத்தில் வழக்கு இருக்கும், வழக்கு இருக்கிற இடத்தில் சாலை பாதியில் நிற்கும், உங்கள் பேட்டைக்கு வருகிற ஒரே சாலை அதுவாகவும் இருக்கலாம். அதோடு, அந்தப் பழைய கிராமத்துக்காரர்கள்தான் உங்கள் அக்கம்பக்கம். தண்ணீர் எங்கே தேங்கும், எந்த ஓடை மூடப்பட்டது, எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வீடு வாங்குவதற்கு முன் அவர்களில் வயதான ஒருவரோடு ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசுங்கள், மரியாதையோடு கேட்டால் சொல்வார்கள்.

பார்க்கப் போகும்போது செய்ய வேண்டிய இன்னொன்று. வேலை நாள் ஒன்றில் இருட்டியபின், ஏழரை எட்டு மணிக்கு அங்கே போய், ஒரு கட்டடத்தின் எதிரே நின்று எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். 'எல்லாம் விற்றுவிட்டது' என்பார்கள், அது உண்மையாகவே இருக்கும், ஆனால் முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைத்தவர்களால் மருந்துக்கடை நடக்காது, பேருந்து ஓடாது. பாதிக்கு மேல் விளக்கு எரிந்தால் ஊருக்கு உயிர் வந்துவிட்டது. கால்வாசிக்கும் கீழே என்றால் இன்னும் ரெண்டு மூன்று வருஷம் பொறுங்கள். அப்படியே சாலையோரக் கன்றுகளையும் பாருங்கள். முட்டுக்கொடுத்த குச்சியைவிடத் தண்டு பருத்திருந்தால் யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம், குச்சி மட்டும் நின்றால் நட்ட நாளோடு மறந்துவிட்டார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு என் யோசனை இது. மகனுக்கு ஆறு வயது, அந்த ஊர் அவனுக்காகவே வரைந்தது, எவ்வளவு சீக்கிரம் போனாலும் நல்லது. மகளுக்குப் பதின்மூன்று, அவளுக்கு இது கடினமான வயது. தோழிகள் எல்லாம் பழைய ஊரில், புது ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்குமரம் இருக்கும், பதின்ம வயதுக்காரர்களுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருக்காது. மேல்நிலை வகுப்புகள் நடக்கிற பள்ளி இப்போதே அங்கே இயங்குகிறதா, அவள் தனியாகப் பேருந்தேறி நகரத்துக்குப் போய்வர முடியுமா, இந்த ரெண்டும் 'ஆமாம்' என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டி, அவள் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இல்லை என்றால் அவள் பள்ளிப் படிப்பு முடியும்வரை வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டு வைக்கலாம், ஊருக்கும் நாலைந்து வயது கூடியிருக்கும். அம்மாவுக்கு வழக்கமாகப் பார்க்கிற மருத்துவர் இருந்தால், அவசரத்துக்கு ராத்திரியில் எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நிமிஷத்தில் போக முடியும் என்பதை ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

முடிந்தால் வாங்குவதற்கு முன் அதே பேட்டையில் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். எல்லாப் பருவமும் ஒரு சுற்று வரட்டும். போன முதல் வாரத்திலேயே பள்ளியிலிருந்து பேரனைக் கூட்டிவருகிற வேலையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.